கேள்வி யாருடையது? கல்லூரியும் ஊரும் சேர்ந்து செய்யும் ஆய்வு: ஓர் எளிய விளக்கம்

"ஏங்கண்ணு, போன வருசமும் காலேஜ்ல இருந்து வந்து பாட்டல்ல தண்ணி புடிச்சுட்டுப் போனாங்களே, அது என்னாச்சு?"

நொய்யல் கரைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போகும் மாணவர்கள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது. "கேட்டுச் சொல்றோமுங்க" என்பதைத் தவிர அவர்களிடம் பதில் இருக்காது. போன வருடம் வந்தது வேறு கல்லூரியாக இருக்கும், அல்லது அதே கல்லூரியின் வேறு துறையாக இருக்கும். அன்று எடுத்த அளவுகள் ஏதோ ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கிடக்கும். கிணற்றுக்காரரின் கைக்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட வந்திருக்காது. மூன்றாம் முறை வருகிறவர்களுக்குத் தோட்டத்துக் கதவு திறக்காது. அதில் தோட்டக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பல்கலைக்கழகமோ கல்லூரியோ ஓர் ஊர் அமைப்போடு சேர்ந்து, எதை ஆராய்வது என்பதிலிருந்து கிடைத்த விடையை என்ன செய்வது என்பது வரை இரு தரப்பும் கலந்து முடிவெடுத்து நடத்துவதைத்தான் கூட்டு ஆய்வு என்கிறோம். ஊர் அமைப்பு என்ற சொல்லுக்குள் பாசன சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கம், தொண்டு நிறுவனம், கிராம சபை எல்லாமே அடங்கும். ஆராய்ச்சியையும் களத்தில் செயல்படுவதையும் ஒன்றாகப் பார்க்கும் போக்குக்கு 1946-இலேயே உளவியலாளர் கர்ட் லெவின் ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதைச் செயலாய்வு என்கிறோம். 1970-களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 'அறிவியல் கடை' என்ற ஏற்பாடு வந்தது. தொழிற்சங்கங்களும் குடியிருப்புச் சங்கங்களும் தங்கள் கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுக்கும், பல்கலைக்கழகத்தார் அதற்கு விடை தேடித் தருவார்கள்.

கூட்டு ஆய்வு போலத் தோன்றுகிறவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1969 முதல் நடக்கும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நல்ல காரியம், ஆனால் அது சேவை. கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியான் 2014-இல் தொடங்கியது. அதில் சேரும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் குறைந்தது 5 கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். கூட்டு ஆய்வுக்கு அது வாசலாகலாம், ஆனால் கிராமத்தைத் தத்தெடுத்ததாலேயே ஆய்வு கூட்டாகிவிடாது. வேளாண் பல்கலைக்கழகம் கண்டுபிடித்த ரகத்தை விவசாயிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது விரிவாக்கப் பணி. அங்கே கேள்வியும் விடையும் மேலிருந்து வருகின்றன. கூட்டு ஆய்வில் கேள்வியின் ஒரு பாதியாவது ஊரிலிருந்து வந்திருக்க வேண்டும்.

கொங்கு நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. கோவையில் வேளாண் கல்லூரி வந்தது 1906-இல், கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-இல். வேளாண் கல்லூரி 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பாரதியார் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி என்று அரை நாள் பயணத்துக்குள் எல்லாத் துறைக்கும் ஓரிடம் உண்டு. ஊர்ப் பக்கம் பார்த்தால், மடைக்கு மடை சங்கம் வைத்து, தீர்மானப் புத்தகமும் சந்தா ரசீதும் பராமரிக்கிற பழக்கம் இங்கே வலுவானது. இடையில் பாலமாக வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. இன்று கோபிசெட்டிபாளையம் நிலையத்தை மைராடா என்ற தொண்டு நிறுவனம் நடத்துகிறது. காரமடைப் பக்கத்து நிலையம் அவினாசிலிங்கம் நிறுவனத்துடையது. புதிதாக ஓர் ஆய்வுக் கூட்டு தேடும் சங்கம் முதலில் தட்ட வேண்டிய கதவு இவைதான்.

கேள்வியை வடிகட்டுவது

பாதிக் கூட்டுகள் இங்கேயே கெட்டுப்போகின்றன. பேராசிரியர் நிதிக்கான விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் சங்கத் தலைவரிடம் ஓர் ஆதரவுக் கடிதம் மட்டும் வாங்குவார். காகிதத்தில் அது கூட்டுதான். ஊரைப் பொறுத்தவரை அது ஒரு கையெழுத்து, அவ்வளவே.

முறையான வழி மெதுவானது. விண்ணப்பம் எழுதும் முன்பே குறைந்தது 2 கூட்டங்கள் ஊரில் நடக்க வேண்டும். முதல் கூட்டத்தில் கல்லூரித் தரப்பு பேசாமல் கேட்க வேண்டும். ஊர்க்காரர்கள் கேள்வியாகச் சொல்ல மாட்டார்கள், குறையாகத்தான் சொல்வார்கள். "கெணத்துத் தண்ணி உப்பாப் போச்சுங்க", "தென்னை மட்டை நுனி கருகுதுங்க", "மாடு இந்தத் தண்ணியக் குடிக்க மாட்டேங்குதுங்க". இந்த மூன்றும் ஆய்வாளருக்கு மூன்று வேறு கேள்விகள். உப்பு எவ்வளவு, எந்த உப்பு? அது எந்தப் பக்கமிருந்து வருகிறது? ஆண்டில் எந்த மாதம் ஏறி எந்த மாதம் இறங்குகிறது? இரண்டாம் கூட்டத்தில் இவற்றை எழுதிக் காட்டி, எதற்கு ஒரு வருடத்துக்குள் விடை காண முடியும், எதற்கு முடியாது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "இந்த உப்பு எந்த ஆலையிலிருந்து வந்தது?" என்று ஊர் கேட்கும். கிணற்று நீரை மட்டும் அளந்து அதற்கு விடை சொல்ல முடியாது. முதல் நாளே சொல்லிவிட்டால் ஊர் ஏற்றுக்கொள்ளும். இரண்டாம் வருட முடிவில் சொன்னால் ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைக்கும்.

நொய்யல் பகுதியில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவுநீர் வந்து தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து வழக்காடினார்கள். 2011 ஜனவரியில், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறைக்கு மாறும் வரை சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பக்கத்து விவசாயிக்கு ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு என்பது வெறும் எண் கிடையாது, வழக்கில் வைக்கும் சாட்சி. தங்கள் அளவுகள் நாளைக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று தெரிந்தே ஆய்வாளர்கள் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஊர் என்றால் யார்?

சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டால் ஊரோடு போட்டதாகிவிடாது. ஆய்வாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதுவும் அறியாமலே.

கீழ்பவானி வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளம், 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். மண் வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளமும் கரையும் போடுவதா என்று வந்தபோது விவசாயிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் சேரும் என்றார்கள் ஒரு சாரார். போட்டால் கசிவுநீர் நின்று கிணறுகள் வற்றிவிடும், கசிவை நம்பிய பாசனம் போய்விடும் என்றார்கள் மறு சாரார். இரண்டு பக்கமும் சங்கங்கள் உண்டு. கசிவுநீர் பற்றி ஆராயப் போகும் பல்கலைக்கழகம் ஒரு பக்கச் சங்கத்தோடு மட்டும் கைகோத்தால், எவ்வளவு நேர்மையாக அளந்தாலும் மறுபக்கம் அந்த அளவை நம்பாது. அப்படிப்பட்ட இடத்தில் இரு தரப்பையும் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழு அமைத்து, எந்தெந்தக் கிணறுகளை அளப்பது என்பதை அந்தக் குழுவையே தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் வழி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாசன சங்கத்தில் நிலமும் கிணறும் உள்ளவர்கள்தான் உறுப்பினர்கள். அதே ஊரின் அருந்ததியர் குடியிருப்பில் கிணறு இருக்காது. ஓர் அடிபம்போ ஊராட்சியின் ஆழ்துளைக் கிணறோ இருக்கும், அந்தத் தண்ணீரை அவர்கள் குடிக்கிறார்கள். 40 தோட்டக் கிணறுகளை அளந்துவிட்டு அந்த ஒரு பம்பை விட்டால், உடல்நலத்துக்கு முக்கியமான நீரே ஆய்வில் இல்லாமல் போகும். குடிநீரின் சுவை மாறியதை முதலில் அறிகிறவர்கள் பெண்கள். கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பேசாமல் எழுந்து போகிறவர்களும் அவர்களே. அவர்களுக்குத் தனியாக, அவர்களுக்குத் தோதான நேரத்தில், சுயஉதவிக் குழுக் கூட்டத்தோடு சேர்த்து ஓர் அமர்வு வைக்க வேண்டும். கூட்டத்துக்குக் கோயில் மண்டபம் சரிப்படுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில ஊர்களில் எல்லோரும் அங்கே வந்து உட்கார மாட்டார்கள். பள்ளிக்கூடமோ ஊராட்சி அலுவலகமோ பாதுகாப்பான இடம்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது

புரிந்துணர்வு ஒப்பந்தம் 4 பக்கம் போதும், தமிழில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத் தரப்பில் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் பதிவாளர். பேராசிரியர் தனியாகக் கையெழுத்திட்டால் அவர் மாறுதலாகிப் போன அன்றே அந்தத் தாள் செல்லாக் காசு. சங்கத் தரப்பில் தீர்மானம் போட்டு, நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏற்றி, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட வேண்டும். 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிந்த சங்கமானால் ஆண்டுக் கணக்கு தாக்கலாகியிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பல ஊர்ச் சங்கங்கள் பதிவு செய்ததோடு விட்டிருக்கும், பணம் அனுப்ப வேண்டிய நாளில்தான் அது தெரியவரும். வெளிநாட்டு நிதியானால் இன்னும் கவனம் தேவை. அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய அமைப்பு அந்தப் பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

பணத்தில் சின்னச் சின்ன விஷயங்கள்தான் உறவைக் கெடுக்கும். திட்டச் செலவில் ஊர்ப் பக்கத்துக்கு 'பயணச் செலவு' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அது தவறு. ஊரிலிருந்து வரும் கள உதவியாளர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார். தோட்டத்திலோ பனியன் கம்பெனியிலோ அவருக்குக் கிடைக்கும் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். கூட்டத்துக்கு வாங்கிய டீ, வடைக்கு ஊர்க் கடையில் ரசீது கிடைக்காது, பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு ரசீது கேட்கும். கையெழுத்து வவுச்சர் ஏற்கப்படுமா, எவ்வளவு தொகை வரை என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிதி தவணையாக வரும். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று போன பிறகுதான் அடுத்தது, நடுவில் மாதங்கள் ஓடிவிடும். அதனால் ஊர்க்காரர்களின் கூலியை முதல் தவணையிலேயே ஒதுக்கிவிட வேண்டும். சங்கம் கைக்காசு போட்டுக் காத்திருக்கும்படி ஒருபோதும் வைக்காதீர்கள்.

தரவு யாரிடம் இருக்கும், கட்டுரை எப்போது வெளியாகும் என்பவற்றை வாய்ப்பேச்சில் விடக் கூடாது. எழுதிய கட்டுரையை வெளியிடும் முன் சங்கத்துக்குத் தமிழ்ச் சுருக்கத்தோடு அனுப்பி 30 நாள் அவகாசம் கொடுப்பது நியாயமான ஏற்பாடு. அந்த 30 நாளில் சங்கம் தகவல் பிழையைத் திருத்தலாம், யாருடைய அடையாளமாவது வெளிப்பட்டால் நீக்கச் சொல்லலாம், தன் மறுப்பைச் சேர்க்கச் சொல்லலாம். ஆனால் முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக வெளியீட்டைத் தடுக்கும் உரிமை சங்கத்துக்கும் இருக்கக் கூடாது, பணம் கொடுத்தவருக்கும் இருக்கக் கூடாது. அந்த உரிமையைக் கொடுத்துவிட்டால் சாதகமான முடிவு வந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

காலக் கணக்கு

முதுகலை மாணவரின் ஆய்வுப் பருவம் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஈரோட்டுப் பக்கம் அது மஞ்சள் வெட்டி, வேகவைத்து, காயவைக்கும் காலம். தைப்பூசத்துக்கு ஊரில் பாதிப் பேர் பழனிக்கு நடை போயிருப்பார்கள். பிறகு ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி வரும். கொங்குப் பகுதியின் நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில், அப்போது மாணவர் வகுப்பறையில் இருக்கிறார். ஒரே பருவத்தில் முடிக்கப் பார்த்தால் வறட்சிக் கால அளவு மட்டும்தான் கிடைக்கும். கிணற்று நீருக்குக் குறைந்தது மூன்று சுற்று வேண்டும்: மழைக்கு முன் புரட்டாசியில், மழை முடிந்து தையில், கோடையின் உச்சியில் சித்திரையில். ஒரு மாணவரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறும்படி வேலையை வகுத்து, தொடர்ச்சியை ஊர்க் கள உதவியாளர் கையில் வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். மாணவர் மாறினாலும் கிணறு எண் 17 எது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு கிணறு, ஒரு பாட்டில்

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 40 நீர்நிலைகள், 3 சுற்று, ஆக 120 மாதிரி. சரிபார்ப்புக்காகப் பத்துக்கு ஒன்று இரட்டை மாதிரி எடுத்தால் மேலும் 12. மொத்தம் 132 பாட்டில். இரண்டு பேர் கொண்ட குழு ஒரு நாளில் 8 முதல் 10 கிணறு வரை பார்க்கலாம், ஆக ஒரு சுற்றுக்கு 4 அல்லது 5 நாள். ஆய்வகம் ஒரு வாரத்தில் எத்தனை பாட்டிலைச் சோதிக்க முடியும் என்று கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். எடுத்த தண்ணீர் அலமாரியில் மூன்று வாரம் கிடந்தால் அளவுகளில் சில மாறிவிடும்.

கிணற்றடியில் செய்ய வேண்டியது இது. மோட்டாரைப் போட்டு 5 முதல் 10 நிமிடம் ஓடவிடுங்கள், குழாயில் நின்ற பழைய தண்ணீர் போகட்டும். அது ஓடும்போதே பாட்டிலின் மேல் கிணறு எண், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். நனைந்த பிறகு எழுதினால் மை ஓடிவிடும், ஆய்வகத்துக்குப் போகும்போது 17-ஆ 11-ஆ என்று தெரியாது. அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, பிறகு ஒரு லிட்டர் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை மட்டும் அலசக் கூடாது. அது கிருமிநீக்கம் செய்து வந்தது, மூடியின் உட்புறத்தில் விரலும் படக் கூடாது. அதை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். திறந்த கிணற்றில் மோட்டார் இல்லாமல் வாளி விட்டு எடுத்தால் மேல்மட்டத் தண்ணீர்தான் வரும், அப்படி எடுத்ததைக் குறிப்பில் எழுதுங்கள்.

பிறகு தோட்டக்காரரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். கிணறு எத்தனை அடி, எந்த வருடம் ஆழப்படுத்தியது, பக்கத்தில் போர் எப்போது போட்டது, மஞ்சளை விட்டுத் தென்னைக்கு எப்போது மாறினார், ஏன் மாறினார். தென்னை தாங்கும் உப்பை மஞ்சள் தாங்காது. அவர் பயிர் மாற்றிய வருடமே ஓர் அளவுதான், எந்த ஆய்வகத்திலும் கிடைக்காத அளவு. கூட்டு ஆய்வில் ஊரின் பங்கு வழிகாட்டுவதும் டீ வாங்கிக் கொடுப்பதும் மட்டும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் குறிப்பேட்டை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

கையடக்க உப்பு மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, சங்கங்களே வாங்கி வைத்துக்கொள்கின்றன. அதில் ஒரு சிக்கல் உண்டு. மீட்டர் உப்பை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீரின் மின்கடத்துத் திறனை அளந்து, ஒரு காரணியால் பெருக்கி, கரைந்த உப்பாகக் காட்டுகிறது. அந்தக் காரணி ஒரு மீட்டரில் 0.5, இன்னொன்றில் 0.7. மின்கடத்துத் திறன் 1413 (சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமன்ஸ் கணக்கில்) உள்ள ஒரே நீரை முதல் மீட்டர் 707 என்று காட்டும், இரண்டாவது 989 என்று காட்டும். கல்லூரி மீட்டரும் சங்க மீட்டரும் இப்படி வேறுபட்டால், கல்லூரி அளவைக் குறைத்துக் காட்டுகிறது என்ற சந்தேகம் ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிடும். முதல் சுற்றுக்கு முன்பே இரண்டு மீட்டரையும் ஊர்க்காரர்கள் முன்னால் ஒரே டம்ளரில் வைத்துக் காட்டி, மின்கடத்துத் திறனை மட்டும் குறிப்பது என்று முடிவு செய்துவிடுங்கள்.

தோட்டத்தில் பரிசோதனை

பொள்ளாச்சித் தென்னையில் 2016-இல் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. ஓலையின் அடியில் ஈ சாறு உறிஞ்சும், அது கழிக்கும் தேன் போன்ற திரவத்தில் கரும்பூஞ்சாணம் படர்ந்து கீழ்மட்டை கறுத்துப்போகும். இதைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி தோப்பிலேயே பெருகக்கூடியது. பூச்சிக்கொல்லி அடித்தால் ஈயோடு குளவியும் சாகும். இப்படிப்பட்ட விஷயத்தில் தோப்பில் பரிசோதனை வைக்காமல் விடை கிடையாது. அங்கே தகராறு எப்போதும் ஒப்பீட்டு மரங்களால்தான் வரும். ஒன்றும் செய்யாமல் சில மரங்களை விட்டுவைத்தால்தான் செய்ததன் பலன் தெரியும். ஆனால் கறுத்துக்கொண்டிருக்கும் மரத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எந்த விவசாயிக்கு மனம் வரும்? இரவோடு இரவாக மருந்து அடித்துவிடுவார், ஆய்வாளருக்குத் தெரியாது. அதனால் ஒப்பீட்டு மரங்களுக்கான காய் இழப்பை ஈடுகட்டும் தொகையைத் திட்டத்திலேயே வைத்து, எந்த அளவுக்கு மேல் பாதித்தால் அவர் மருந்து அடித்துக்கொள்ளலாம் என்ற எல்லையையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அடித்தால் மறைக்காமல் தேதியைச் சொன்னால் போதும். பக்கத்துத் தோப்புக்காரரிடமும் பேசிவிடுங்கள், காற்று அவர் மருந்தை இங்கே கொண்டுவரும்.

ஆட்களைப் பற்றிய ஆய்வு

நூற்பாலைப் பஞ்சுத் தூசியும் நுரையீரலும், பனியன் கம்பெனிப் பெண்களின் வேலை நேரம் என்று மனிதர்களைப் பற்றி ஆராயும்போது விதிகள் கடுமையாகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையோ ரத்தச் சோதனையோ தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எடுத்து முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது. சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டி ஒரு நகலை அவரிடமே விட வேண்டும். பேட்டி ஆலை வாசலிலோ விடுதியிலோ கூடாது. ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலோ அவர் சொல்லும் இடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் மறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். "கணவரை இழந்தவர், வயது 42, ஓவர்லாக் டைலர், இன்ன ஊர்" என்று எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரியும். கூட்டாளியான தொண்டு நிறுவனத்துக்கும் பெயரோடு கூடிய மூலப் படிவத்தைக் கொடுக்கக் கூடாது, தொகுத்த கணக்கு மட்டும் போதும்.

கேள்வித்தாளை 8 அல்லது 10 பேரிடம் முன்னோட்டம் பார்க்காமல் அச்சடிக்காதீர்கள். "ஆண்டு வருமானம் எவ்வளவு?" என்றால் சரியான பதில் வராது. "போன போகத்துல எத்தனை மூட்டைங்க, மூட்டை எத்தனை கிலோங்க, என்ன விலைக்குப் போச்சுங்க?" என்று கேட்டால் வரும்.

ஆனைகட்டி, வால்பாறை, பர்கூர், தாளவாடி மலை ஊர்களில் வனத்துறை அனுமதி மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். பழங்குடி மக்களின் மூலிகை அறிவையோ விதையையோ தொடுவதானால் கிராம சபையின் முன்சம்மதம் இல்லாமல் போகவே கூடாது என்பது நம் கருத்து. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம் உள்ளூர் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழுக்களையும், வணிகப் பயனில் மக்களுக்குப் பங்கு தருவதையும் பேசுகிறது. எழுதாத அறிவு எப்படிக் கைமாறும் என்பது மஞ்சள் விளையும் நாட்டுக்குத் தெரிந்ததுதான். புண்ணில் மஞ்சள் தடவுவதற்கு 1995-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று காப்புரிமையே வாங்கியது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வாதாடிய பிறகு 1997-இல் அது ரத்தானது.

விடையைத் திருப்பிக் கொடுப்பது

கடைசிச் சுற்று வரை காத்திருக்கக் கூடாத முடிவுகள் உண்டு. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேலோ, ஃப்ளோரைடு 1.5-க்கு மேலோ வந்தால், மறுசோதனை செய்து 48 மணி நேரத்தில் குடிக்கிறவர்களுக்கும் ஊராட்சிக்கும் சொல்லிவிடும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். குடிநீரில் கரைந்த உப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் 500, வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2000 வரை. சீட்டில் எண்ணோடு இந்த எல்லையையும் அச்சிட வேண்டும். எண் மட்டும் கொடுத்தால் "இது நல்லதா கெட்டதா சாமி?" என்ற கேள்வியோடு அவர் நின்றுவிடுவார்.

ஒவ்வொரு கிணற்றுக்காரருக்கும் அவருடைய சீட்டு அவர் கையில் மட்டும். ஊர்க் கூட்டத்தில் காட்டும் வரைபடத்தில் பெயரும் சர்வே எண்ணும் வேண்டாம், பகுதிவாரியாக நிறம் போதும். உப்புக் கிணறு என்று ஊரறியச் சொல்லிவிட்டால் நிலத்தின் விலை விழும், பெண்ணைக் கட்டிக் கொடுக்க நிலத்தை விற்கக் காத்திருந்தவர் அதற்குப் பலியாவார். வழக்குக்கோ இழப்பீட்டுக்கோ சர்வே எண் வாரியாக வேண்டும் என்று சங்கம் கேட்டால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக எழுத்துச் சம்மதம் வாங்கிக் கொடுக்கலாம். கிராம சபை நடக்கும் நாள்களில் ஒன்றான மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், இத்தகைய முடிவைத் தீர்மானமாக்கப் பொருத்தமான நாள்.

திட்டம் முடியும்போது எதை எங்கே விட்டுச்செல்வது என்பதையும் பேசிவிட வேண்டும். மூலக் குறிப்பேட்டின் ஒரு நகல் சங்கத்தின் அலமாரியில் இருக்கட்டும், இன்னொன்று கல்லூரி நூலகத்தில். துறை அலமாரியில் வைத்தால் ஆள் மாறும்போது பழைய பேப்பரோடு போய்விடும். மீட்டர் சங்கத்திடம் இருக்கும். கள உதவியாளர் மாதம் ஒரு முறை 1413 என்று குறித்த தரக் கரைசலில் அதை வைத்துச் சரிபார்க்க வேண்டும். திறந்த கரைசல் பாட்டில் நெடுநாள் தாங்காது. புதியதை ஆய்வகத்திலிருந்து யார் வாங்கிக் கொடுப்பது, எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்பதை ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தியில் எழுதி, அந்தப் பத்தியை மீட்டர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வையுங்கள்.